வாளியில்லாத கை

கொழும்பில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. வெயில் இருக்கும், மழை இருக்கும், இரண்டுக்கும் நடுவில் புழுக்கம் இருக்கும். ஆனால் வெள்ளவத்தையில் ஆகஸ்ட் மாதத்துக்குக் கோடை விடுமுறை என்று பெயர். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு அப்போதுதான் லீவு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். புடைவைக் கடைகளில் நிற்க இடம் இருக்காது, கல்யாண மண்டபம் ஒன்றும் கிடைக்காது. அவர்களை மனத்தில் வைத்துத்தான் அந்தக் கோடைக் கலைவிழாவை நடத்தினார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. கடற்கரைப் பக்கம் பழைய வீடொன்றை இடித்துவிட்டு மாடிவீடு எழுப்பக் காத்திருந்த ஒரு வெறுங்காணி. நடனம், வீதி நாடகம், மேளம், ஓவியம், சிற்பம், சிறுவர்களுக்கு முகத்தில் வர்ணம் பூசும் கூடாரம். எல்லாம் திறந்த வெளியில்.

அங்கே நான் செய்த சிற்பமும் நின்றது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உருப்படியாகக் கண்டவள் நான் ஒருத்திதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போதும் எழுதி முடித்துவிட்டு என்னைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். நான் கம்பஸ் போய்ச் சித்திரமும் சிற்பமும் படித்தேன் என்றபோது எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைக்க வேண்டாம். ஒரு ஒழுங்கைக்குள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப்பும். எதிர்வீட்டு அன்ரி ஒருநாள் கேட்டார்: "படம் கீறுறதுக்கும் பட்டம் குடுக்குறாங்களா? அப்போ எங்க வீட்டு செவுரு பூரா கிறுக்கி வெச்சிருக்கானே என் மகன், அவனுக்கு ஒண்ணு வாங்கித் தா."

நான் சிரிக்கவில்லை. அந்த வயதில் எனக்குச் சிரிப்பு எளிதில் வராது.

வார இறுதிகளில் வெள்ளவத்தை மாடிவீடுகளில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே போனால் அவர்களைப் போல 'ஓம்' என்பேன், தோட்டத்துக்குள் வந்தால் 'ஆமா' என்பேன். பஸ்சில் எந்த இடத்தில் அது மாறும் என்று எனக்கே தெரியாது. படிப்பித்த வீடொன்றின் பின்பக்கம் சும்மா கிடந்த கராஜில்தான் அந்தச் சிற்பத்தைச் செய்தேன். மூங்கில் சட்டம், கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலை, அதன்மேல் கடதாசிக் கூழ். ஆள் உயரத்தில் ஒரு பெண்.

அது அம்மா. தண்ணீர் வரும் நேரத்தில் பைப்படியில் நிற்கும் அம்மா. கணுக்கால் வரைக்கும் நைற்றி, வெயிலுக்குத் தலையில் போட்ட துவாய், தாழ்ந்த முகம். வலது தோள் இறங்கியிருக்கும். முழங்கை சற்று மடிந்திருக்கும். பைப்புக்கு நீட்டிய கையில் வாளி. குதிக்காலில் வெடிப்புகளைக்கூட விடாமல் செதுக்கினேன். உடல் முழுவதற்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். நிறம் என்று இருந்தது வாளிக்கு மட்டும்தான். அது உண்மையான வாளி, எங்கள் வீட்டு நீல வாளி. வாயோரம் வெடித்த இடத்தை அம்மா கம்பியால் தைத்து, தார் பூசி வைத்திருந்தார். சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா அதைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் எதிர்வீட்டு அன்ரியோடு சண்டையும் பிடித்தார்.

நான் வாய் திறக்கவில்லை. அம்மா விழாவுக்கு வருவார், தூரத்திலிருந்தே வாளியை அடையாளம் கண்டுகொள்வார், பிறகு அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பார், பிறகு தன்னைப் பார்ப்பார். என் படிப்பு என்ன படிப்பு என்று அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு விளங்கிவிடும். வேறு எவர் பார்த்தாலென்ன, பார்க்காவிட்டாலென்ன. எனக்கு அந்த ஒரு நிமிடம் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சிற்பத்தைத் தரையில், காணியின் மூலையில் இருந்த பழைய குழாயடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். 'தண்ணீர் வரும் நேரம்' என்று ஒரு சின்ன அட்டை வைத்தேன். சனிக்கிழமை பின்னேரம் வகுப்பை முடித்துக்கொண்டு போனால் அது அங்கே இல்லை. நடுவில் ஒரு மேடைப் பெட்டியின் மேல் ஏற்றியிருந்தார்கள். சுற்றிவரச் சின்னச் சின்ன மஞ்சள் பல்புகள். வாளி இல்லை. கை மட்டும் முன்னால் நீண்டு நின்றது, விரல்கள் பாதி மடிந்து, வெறுமையாக.

கலைப்பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். எல்லோரும் அவரை அண்ணை என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"அண்ணை, வாளி எங்க?"

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. நேற்றுப் பின்னேரமே ஆக்கள் அதுக்குள்ள ஐஸ்கிரீம் கப் போடத் தொடங்கிட்டினம். குப்பைத்தொட்டி எண்டு நினைச்சிட்டினம். எடுத்து வைச்சனாங்கள்."

"வாளி இல்லாட்டி இது வேற ஒண்டு அண்ணை."

"ஓம் ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன். இப்ப எவ்வளவு வடிவா இருக்கு பாருங்கோ. அந்தக் கை! எதையோ கேக்குது, எதையோ குடுக்குது. தலைப்பும் தேவையில்லை எண்டு எடுத்திட்டம்."

புது அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. என் பெயரை இத்தனை பெரிய எழுத்தில் நான் அதற்குமுன் எங்கும் பார்த்ததில்லை. அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திரும்பினேன். வாளியைத் தந்தால் இப்போதே மாட்டிவிடுகிறேன் என்றேன். "நடன நிகழ்ச்சி முடியட்டும், பாப்பம்" என்றார். வாளி எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால், ஒலிபெருக்கிக்காரர்களிடம், சாப்பாட்டுக் கடைகளில் என்று கேட்டுக்கொண்டு அலைந்தேன். ஒருவர் வான் ஒன்றில் போயிருக்கும் என்றார், இன்னொருவர் எந்த வாளி என்றார்.

அப்படி அலைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அன்ரியின் குரல். அதை எந்த மேளத்துக்கும் மேலால் கேட்கலாம்.

"டிக்கட் எக்க கோ?" என்று காவலாளி கேட்டிருக்க வேண்டும்.

"டிக்கட்டா மல்லி? மே அபே துவகே வெட!" எங்கள் மகளின் வேலை இது தம்பி என்று அவனிடம் சிங்களத்தில் சொன்னவர், உடனே தமிழுக்கு மாறினார். "உள்ள எங்க புள்ள செஞ்ச செல இருக்கு. அதப் பாக்க எங்களுக்கு டிக்கட்டாம் கேட்டியா?"

நான் வாசலுக்கு ஓடினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அம்மா, அன்ரி, தோட்டத்துப் பெண்கள் இன்னும் சிலர். கோயில் திருவிழாவுக்கு உடுத்தும் சேலைகளை உடுத்தியிருந்தார்கள். அம்மா ஒரு மல்லிகை மாலை கொண்டுவந்திருந்தார், வாழையிலையில் சுற்றி. மேடை ஏறுகிறவர்களுக்கு மாலை போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது எனக்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை சிற்பத்தின் கழுத்தில் இருந்தது.

பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் முழங்காலிட்டிருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, தன் கையைப் பார்த்தே செய்யப்பட்ட அந்தக் கையை எட்டித் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. அன்ரி செபமாலையை எடுத்து ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் பின்தொடர்ந்து சொன்னார்கள்.

உயர்ந்த பீடம். சுற்றிவர விளக்கு. பாதம் வரை வெள்ளை அங்கி, தலையில் முக்காடு, குனிந்த முகம், ஆசீர்வதிக்க நீட்டிய கை. கொட்டாஞ்சேனையில் மாதா கோயில்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? நைற்றியும் துவாயும் என்று தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது மாதா.

சுற்றிவரப் போன்கள் உயர்ந்திருந்தன. குளிர்கண்ணாடி போட்ட ஒரு பெண் தன் பிள்ளைகளை இழுத்து முன்னால் நிறுத்தி, "பாருங்கோ, பாருங்கோ, திஸ் இஸ் பார்ட் ஒஃப் இட்" என்றாள். அண்ணை என் காதருகே வந்தார்.

"நீங்கள் ஒழுங்கு பண்ணினதோ? ஏன் முன்னமே சொல்லேல்லை? அற்புதம்!"

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர வந்து கையைப் பிடித்தார்.

"மாதாவ எம்புட்டு அழகா செஞ்சிருக்க மகள்! எனக்கு ஒரு வார்த்த சொன்னியா நீ? ஒனக்கு கவர்மெண்ட் வேல கெடைக்கணும்னு நேந்துகிட்டேன். மால ஒனக்குத்தான் வாங்கினேன். அவ இருக்கும்போது ஒனக்கு எப்பிடிப் போடுறது?"

அன்ரி சிற்பத்தின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரிடி. மாதாவுக்கு ஏன்டி பித்தவெடிப்பு? வானத்துலயும் செருப்பு இல்லாமயா நடக்குறா?"

பெண்கள் சிரித்தார்கள். அம்மா அவரைத் தோளில் அடித்தார். "வாய மூடு. பாவம்."

அதற்குள் அண்ணை அவர்களுக்குக் கதிரை போடச் சொன்னார், ஜூஸ் வரவழைத்தார். அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிட்டு, எத்தனை மரியாதையாகக் கதைத்தார். வெள்ளவத்தையில் யாரும் எங்கள் ஆட்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அம்மா கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, ஜூஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். நாளைக்குக் கடைசி நாள், பெரிய ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் மறுபடி வர வேண்டும், வான் அனுப்புகிறோம். இதுதான் அவர் கேட்டது. அம்மா என்னைப் பார்க்காமலே சம்மதித்துவிட்டார்.

அவர்கள் பஸ்சுக்குப் போன பிறகு நான் அண்ணையிடம் போனேன்.

"அவையளுக்கு அது மாதா இல்லை எண்டு தெரியாது. அது என்ர அம்மா. வாளியை வைச்சு நாளைக்கு நான் சரியாக் காட்டப் போறன்."

அவர் எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். "தங்கச்சி, வாளியோட நிண்டா அவையள் கும்பிடுவினமோ?" என்றார். "இந்த வீடியோவோட இந்த வேலை வெளிநாட்டுக்குப் போகும். நான் கொண்டுபோவன். வாளியோட போறது கஷ்டம். யோசியுங்கோ."

வெளியேறும்போதுதான் வாளி கிடைத்தது. முகத்தில் வர்ணம் பூசும் கூடாரத்தில் தூரிகை கழுவ வைத்திருந்தார்கள். கலங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுத்தேன். அங்கே நின்ற பெண் பதறிப்போனாள். "சொறி அக்கா, சும்மா வாளி எண்டு நினைச்சன்."

பஸ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பம்பலப்பிட்டியில் ஏறிய ஒருவர் அதற்குள் எட்டிப் பார்த்து, மீன் இருக்கிறதா என்று கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கண்டது வாளியைத்தான். "அடியே, இதத்தானே தேடுனேன்! எங்க இருந்திச்சு?" எதிர்வீட்டு அன்ரியும் சத்தம் கேட்டு வந்து கதவில் சாய்ந்துகொண்டார். திருடி என்ற பட்டம் கிடைத்தவர் அல்லவா, அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். பைப்படி, துவாய், நைற்றி, தோள், கை. விளங்கட்டும் என்று வாளியைப் பிடித்து அம்மா நிற்பது போல நின்றும் காட்டினேன்.

அன்ரிக்குத்தான் முதலில் விளங்கியது. "அப்போ நீ ஒனக்கே மால போட்டியாடி?" என்று கேட்டவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒன்கிட்டேயே வேல கேட்டியா? நானும் ஒனக்கா செபமால சொன்னேன்? நாளைக்குப் பைப்புல எனக்கு மொதல் எடம் தரணும், சொல்லிப்புட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. அந்த நிமிடத்துக்காகத்தான் நான் அத்தனை மாதம் கராஜில் கிடந்தேன். அது வந்துவிட்டது. அம்மா வாளியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஃபாதர் மந்திரிக்காத ஒண்ணக் கும்பிட்டுட்டேன்," என்றார் மெதுவாக. "அத்தன பேரு பாக்க. படமும் எடுத்தாங்க."

"அது ஒங்க தப்பு இல்லம்மா. அவரு வாளிய எடுத்ததாலதான். நாளைக்கு நான் வாளிய மாட்டிருவேன். அப்ப எல்லாருக்கும் தெரியும் அது நீங்கதான்னு."

அம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பள்ளிக்கூடக் காலத்திலும் கண்டதில்லை.

"என்னய எதுக்கு அங்க கொண்டுபோய் நிக்க வெச்ச? நைற்றியோட? பித்தவெடிப்போட? தண்ணிக்கு நிக்கிறத ஊருக்கே காட்டணுமா? அந்த ஆக்கள் வீட்டுலதானே நீ படிச்சுக் குடுக்குற? நாளைக்கு ஒன்ன என்னான்னு நெனைப்பாங்க?"

"அதுல என்னம்மா வெக்கம்?"

"ஒனக்கு இல்ல. நீ நிக்கிறதில்லையே."

நான் கம்பஸ் போன நாளிலிருந்து அம்மா என்னைப் பைப்படிக்கு விட்டதில்லை.

"வாளி வேணாம்," என்றார் அம்மா. "வாளி இல்லாமயே நிக்கட்டும்."

அண்ணை சொன்னதும் அதுதான். அவர் லண்டனில் படித்துவிட்டுச் சொன்னதை அம்மா கொட்டாஞ்சேனைப் படியில் உட்கார்ந்து சொன்னார். இருவருக்கும் நடுவில் வாளியை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

நாளைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "அந்தத் தம்பிட்ட வாறேன்னு சொல்லிட்டேன்" என்றார். எதிர்வீட்டு அன்ரியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிறு பின்னேரம் வான் வருவதற்கு முன்பே அவர்கள் பஸ் எடுத்து வந்துவிட்டார்கள். அம்மாவும் அன்ரியும் மட்டும். அது மாதா இல்லை என்ற செய்தி மற்றப் பெண்களுக்குப் போய்விட்டிருந்தது. அன்ரியின் கையில் ஒரு பை இருந்தது. எங்கள் சிற்றாலயத்தில் துணிகளைத் துவைத்து மடித்து வைக்கிற பொறுப்பு அவருடையது.

காணி நிறைந்திருந்தது. சிற்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அவர்கள் முழங்காலிடுவதற்குப் பாயும் விரித்திருந்தார்கள். முதல் நாள் போட்ட மாலை வாடிப் பழுப்பாகிக் கழுத்தில் அப்படியே தொங்கியது. கமராக்கள் காத்திருந்தன. அண்ணை எனக்குக் கையசைத்தார்.

அம்மா பாயில் கால் வைக்கவில்லை. மேடைப் பெட்டியில் ஏறினார். மாலையைக் கழற்றினார். அன்ரி பையிலிருந்து ஊதாத் துணியை எடுத்துக் கொடுத்தார். தவக்காலத்தின் கடைசியில் கோயிலில் சுரூபங்களை மூடுகிற துணி. அம்மா அதை உதறி விரித்து, தலைக்கு மேலால் போட்டு, முகத்தை மூடி, தோளை மூடி, கீழே இழுத்துக் குதிக்கால் வரைக்கும் மூடினார். நீட்டிய கை மட்டும் அடங்க மறுத்தது. துணி அந்த இடத்தில் கூடாரம் போல நின்றது. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி முடிச்சைச் சரிபார்த்தார். கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டுகிறவர் போல, அவசரமில்லாமல், ஒருவரையும் பாராமல்.

எல்லோரும் போன்களைத் தாழ்த்தினார்கள். பிறகு கை தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு காணி முழுவதும். விசில்கூட அடித்தார்கள். அண்ணையின் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன்.

அம்மா பயந்துபோய் இறங்கி என்னைத் தேடி வந்தார். "எதுக்கு கை தட்டுறாங்க?"

"நல்லா இருக்காம்."

"மூடுனதா?"

"ஆமா."

"இவங்களுக்கு என்ன பைத்தியமா?"

அன்ரி சொன்னார்: "நாளைக்கு என்னயும் ஒரு துணி போட்டு மூடுங்கடி. கை தட்டு வாங்கிட்டுப் போறேன்." குரலில் வழமையான சத்தம் இல்லை.

துணி கோயிலுடையது. திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஆட்கள் நிற்கும்போது எடுக்கக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். கதிரைகளை அடுக்கத் தொடங்கி, கூட்டம் கரைந்து, மேடை விளக்கை அணைக்கும்வரை மூவரும் சுவரோரம் நின்றோம். ரயில் ஒன்று கடலோரமாகப் போனது. அம்மா போய் முடிச்சை அவிழ்த்தார். துணியை மடித்து அன்ரியிடம் கொடுத்துவிட்டு, அப்போதுதான் முதன்முதலாக அந்த முகத்தைக் கிட்ட நின்று பார்த்தார்.

"மூக்கு எனக்கு இப்பிடி இல்ல," என்றார்.

அவ்வளவுதான். பஸ்சில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிற்பத்தை நான் வெளிநாட்டுக்குக் கொடுக்கவில்லை. மழைச் சாரலில் நனைந்து, கராஜின் மூலையில் மூங்கில் தெரியக் கிடக்கிறது. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. வீடியோ போதுமாக இருந்தது. நான் போகாத நகரங்களில் அதைப் போட்டுக் காட்டுகிறார்களாம். நான் படிப்பித்த ஒரு பிள்ளையின் சித்தி கனடாவில் பார்த்திருக்கிறார். அம்மா துணியை இழுத்து மூடும் இடத்தில் அங்கேயும் கை தட்டினார்களாம். என் பெயர் பிழையில்லாமல் இருந்ததாம். மூடுகிற பெண் யார் என்று எங்கும் போடவில்லை. போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அண்ணை அதற்கும், அது இன்னும் ஆழமாக இருக்கும் என்றார்.

வாளி வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் இப்போது தண்ணீர் பிடிப்பதில்லை. சிவப்பில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். பழையதைக் கதவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். ஒழுகுது என்றார்.

அவர் பைப்படிக்குப் போன ஒரு நாள் அதை நிறைத்து வைத்துப் பார்த்தேன். கம்பி தைத்த இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு, இருந்தபடியே கவிழ்த்து வைத்தேன்.